கோழி ஷெட்டும் என்ற தூக்கமும்

காறை எலும்பு ஒடைஞ்சு நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஊரே பார்க்க வந்துச்சுங்க. ஆப்பிள் ஒரு கூடை, ஹார்லிக்ஸ் பாட்டில் அலமாரி நெறைய, ரொட்டிப் பாக்கெட் வேற. வந்த ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் தோள்பட்டைக் கட்டைத் தொட்டுப் பார்த்து, "ஐயோ பாவம் சாந்தாமணி, வலிக்குதா கண்ணு"ன்னு உச்சுக் கொட்டினாங்க. அதுக்கு முன்னாடி மூணு வருசமா ஒழுங்காத் தூங்காம செத்துப் பொழைச்சுட்டு இருந்தேன். அப்ப ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கலை. எலும்பு ஒடைஞ்சா எக்ஸ்ரேல தெரியுது, தூக்கம் போனா யாருக்குங்க தெரியுது?

அந்த வவுத்தெரிச்சல்லதான் இதை எழுத உக்காந்தேன். தூக்கம் வராததைச் சீக்குன்னே ஒத்துக்க மாட்டேங்கறாங்க நம்ம பக்கம். "மனசுல எதையாச்சும் போட்டுக் கொழப்பிக்கறே", "வேலை செஞ்சா தூக்கம் தானா வரும்", இந்த ரெண்டையும் எத்தனை வாயில கேட்டிருக்கறேன் தெரியுங்களா? வேலை செஞ்சா தூக்கம் வருமாம்! வேலைதானுங்க என்ற தூக்கத்தைத் தின்னுச்சு.

எனக்கு அம்பத்தொரு வயசு. பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவுல எங்க தோட்டம். தென்னை கொஞ்சம், மாடு ரெண்டு, ஊட்டை ஒட்டியே கறிக்கோழி ஷெட். கம்பெனிக்காரங்க பொரிச்ச மறுநாளே குஞ்சை வேன்ல கொண்டாந்து எறக்கிருவாங்க. தீவனமும் மருந்தும் அவங்களுது. ஷெட்டு, தண்ணி, கரண்ட்டு, ஆளு நம்முளுது. ஒன்றரை மாசம் வளர்த்துக் குடுத்தா எடைக்கு இவ்வளவுன்னு கூலி. ஆளுன்னா யாருன்னு கேக்கறீங்களா? நான்தான். என்ற ஊட்டுக்காரர் தீவன மூட்டை எறக்குவார், கம்பெனி சூப்பர்வைசரோட பேசுவார், தென்னைக்குத் தண்ணி பாய்ச்சுவார். பையன் கோகுலுக்குத் திருப்பூர்ல பனியன் கம்பெனி ஆபீசுல வேலை. வெடியால போனா இருட்டித்தான் வருவான்.

குஞ்சு எறங்கின மொத பத்து நாள்தான் கண்டம். தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு நாமதான் சூடு குடுக்கணும். வட்டமாத் தகரம் கட்டி, மேல பல்பு தொங்கவிடுவோம், அதைப் புரூடர்னு சொல்லுவாங்க. சூடு கொறைஞ்சா குஞ்செல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் குமியும், அடியில சிக்கினது மூச்சு முட்டிச் செத்துப் போகும். சூடு கூடினாலும் வாயைப் பொளந்துட்டு எறைக்கும். கரண்ட் போனா ஓடிப் போயி ஜெனரேட்டர் போடணும். அதனால ராத்திரி எத்தனை தரம் எந்திரிச்சுப் போய்ப் பார்க்கணுமோ அத்தனை தரம் பார்க்கணும். பத்து நாள் கழிச்சும் தண்ணி, தீவனம், கரண்ட்டுன்னு ராத்திரி போய்ப் பார்த்தாகணும். ஒரு பேட்ச் போனா அடுத்த பேட்ச். வருசக்கணக்கா இதே பொழப்பு.

மொதல்ல குஞ்சு இருக்கறப்ப மட்டும் முழிப்பு வந்துச்சு. அப்பறம், கோழி புடிச்சுட்டுப் போயி ஷெட்டைக் கழுவிக் காயப் போட்டிருக்கற நாள்லயும் அதே நேரத்துக்கு டக்குனு கண்ணு முழிச்சுக்கும். காதைத் தீட்டிட்டுக் கெடப்பேன். குஞ்சே இல்லாத ஷெட்டுல குஞ்சுச் சத்தம் கேக்குதான்னு பார்க்கறது, என்ன பைத்தியக்காரத்தனம் பாருங்க. அதோட மாசவெலக்கு நிக்கிற வயசு வேற. ஒடம்பு பத்திட்டு எரியும், ஜாக்கெட் நனைஞ்சு போகும், பத்து நிமிசத்துல குளிரும். கொஞ்சம் கொஞ்சமா, ராத்திரி ஆனாலே பயம் வந்துருச்சு. படுக்கையைப் பார்த்தாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். 

எனக்குத் தூக்கம் போனது ஊட்டுல எல்லாருக்கும் சௌகரியமாப் போச்சுங்க. இதை ஒடைச்சே சொல்லிப்போடறேன். "எப்படியும் நீ முழிச்சுட்டுத்தானே இருக்கறே, த்ரீ பேஸ் கரண்ட் வந்தா மோட்டாரைப் போட்டுரு." "அம்மா, எப்படியும் முழிச்சுத்தானே இருப்பீங்க, நாலு மணிக்கு என்னை எழுப்பி விட்டுருங்க." பக்கத்துத் தோட்டத்துல மாடு கன்னு போடறதா இருந்தாலும், "சாந்தாக்கா முழிச்சிருப்பாங்க, ஒரு போன் போடு". வாச்மேன் வெச்சிருந்தாக்கூட சம்பளம் கேட்டிருப்பான். நான் தலைவலி மாத்திரைதான் கேட்டேன்.

வைத்தியம் பார்க்காம இல்லை. கசகசாவை அரைச்சுப் பால்ல குடிச்சேன். உள்ளங்கால்ல எண்ணெய் தேய்ச்சேன். தலைமாட்டைத் தெக்கு மாத்திப் படுத்தேன். கொழுந்தனார் சம்சாரம் ஒரு ஜோசியரைக் கூட்டியாந்து காட்டினா, அந்தாளு சனி பார்வைன்னுட்டுப் போனான். கடைசியா டவுன்ல ஒரு டாக்டர்கிட்ட போனோம். அவரு தலை நிமிராம அரை மாத்திரை எழுதினார். மொத ராத்திரி கட்டையாட்டம் தூங்கினேன், சாமி கும்பிட்டேன். கொஞ்ச நாள்ல அரை பத்தலை, ஒண்ணாச்சு. அப்பறம் ஒண்ணரை. பகல்ல மண்டைக்குள்ள பஞ்சை அடைச்ச மாதிரி இருக்கும். கொழம்புக்கு உப்பு ரெண்டு தரம் போடுவேன். சொந்தத் தங்கச்சி பேரு வாயில வராம, "அதான், சிங்காநல்லூர்க்காரி"ன்னு சொல்லி நின்னிருக்கறேன்.

அப்படி ஒரு நாள் மத்தியானம், மளிகைச் சாமான் வாங்கிட்டு ஸ்கூட்டியில வந்துட்டு இருந்தேன். வாய்க்கால் ஓரம் நேர் ரோடு. நல்ல வெயில். கண்ணு தொறந்துதான் இருந்துச்சு, சத்தியமாச் சொல்றேன். அடுத்தாப்புல எனக்குத் தெரியறப்ப வேலி முள்ளுக்குள்ள கெடக்கறேன், தேங்காய்க் களத்துல இருந்து ஓடியாந்த பொம்பளைங்க என்ற முந்தானையை இழுத்து விட்டுட்டு இருக்கறாங்க. இடது கையைத் தூக்க முடியலை. இன்னும் ரெண்டடி அக்கட்ட போயிருந்தா வாய்க்கால் தண்ணியில போயிருப்பேன்.

கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. காறை எலும்பு, அதான் கழுத்துக்குக் கீழ தோள் வரைக்கும் ஓடற எலும்பு, ரெண்டாப் போயிருந்துச்சு. ஆபரேசன் வேண்டாம், கட்டுப் போட்டுத் தொங்கவிட்டா கூடிரும்னாங்க. தலையில அடின்னு ஸ்கேன் எடுத்தாங்க, ஒண்ணுமில்லை. ஆனா அவசரப் பிரிவுல இருந்த சின்ன வயசு டாக்டர் தம்பி விடலை. "மயக்கம் வந்து விழுந்தீங்களா, தூங்கி விழுந்தீங்களா?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டார். நான் பதில் சொல்றதுக்குள்ள ஊட்டுக்காரர், "மயக்கந்தானுங்க, காலையில சாப்புடலை"ன்னுட்டார். நான் தூங்கி விழுந்ததாச் சொல்றது அவருக்குக் கேவலமா இருந்துச்சு. நான்தான், "இல்லீங்க தம்பி, தூங்கிட்டேன். ராத்திரிக்கு ஒண்ணரை மாத்திரை போடறேன்"னு சொன்னேன். அந்தத் தம்பி எழுதறதை நிறுத்திட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டு நாள் வெச்சுப் பார்க்கறோம். தூக்க டாக்டரை வரச் சொல்றேன்"னார். தூக்கத்துக்குத் தனியா டாக்டர் இருக்கறாங்கன்னே அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்.

வார்டுல என்ற கூட இருந்தது தங்கச்சி வசந்தி. சிங்காநல்லூர்ல இருந்து பஸ் ஏறி, மொளகு ரசமும் பருப்புச் சாதமும் தூக்குப் போசியில கொண்டு வருவா. ஒத்தைக் கையில என்னால சாப்புட முடியாதுன்னு ஊட்டி விடுவா. ஊட்டுக்காரரும் சும்மா சொல்லக் கூடாது, சாயங்காலம் வந்தா சீப்பை எடுத்து எனக்குத் தலை வாரிப் பின்னி விடுவார். பின்னல் கோணக் கோணையா இருக்கும், நர்சுப் புள்ளைங்க சிரிக்கும். கெட்ட மனுசன் இல்லீங்க அவரு. கெட்டவரா இருந்திருந்தா எனக்கு வவுத்துல இந்த நெருப்பு இருக்காது, ரெண்டு வசவு வெச்சுட்டுப் போயிருப்பேன்.

ஒரு அதிசயம் சொல்லணும். அந்த வார்டுல நான் தூங்கினேன். டிராலி உருள்ற சத்தம், பக்கத்துக் கட்டில்ல அம்மா முனகற சத்தம், பிபி பார்க்கக் கையைத் தூக்கற நர்சு, தோள்ல வலி, எல்லாம் இருந்தும் தூங்கினேன். வசந்திகிட்ட சொன்னேன். "மருந்து மயக்கமா இருக்கும்க்கா"ன்னா. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

தூக்க டாக்டர் ஒரு பொண்ணு. என்ற பையன் வயசுதான் இருக்கும். கையில கட்டோட என்னை வீல் சேர்ல வெச்சு அவங்க ரூமுக்கு முன்னாடி நிறுத்தினாங்க. அந்த இடத்தைப் பார்க்கணுமே! டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருந்தவங்க அத்தனை பேரும் தலை தொங்கிப் போய், வாயைத் தொறந்துட்டு, சொவத்துல சாஞ்சு தூங்கிட்டு இருக்கறாங்க. ராத்திரி படுக்கையில வராத தூக்கம் இரும்பு நாற்காலியில வருது. பேரைக் கூப்புட்டா திடுக்குனு முழிச்சு, "நான் தூங்கலீங்க"ன்னு ஓடறாங்க. தோள் வலிக்க வலிக்கச் சிரிச்சேன்.

டாக்டரம்மா நிதானமாக் கேட்டாங்க. எத்தனை மணிக்குப் படுப்பீங்க, எத்தனைக்கு முழிப்பு, காப்பி எத்தனை, பகல்ல சாய்வீங்களா, மனசு எப்படி இருக்கு, சாகலாம்னு தோணியிருக்கா. அந்தக் கடைசிக் கேள்விக்கு ஊட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சாகலாம்னு தோணலீங்க, ஆனா கண்ணு தொறக்கவே வேண்டாம்னு தோணியிருக்குது"ன்னேன். அவரு மொகம் சுண்டிப் போச்சு.

அவங்க வெளக்கிச் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். ஒரு நாள் ரெண்டு நாள் தூக்கம் வராதது சீக்கு இல்லை. படுக்க நேரமும் எடமும் இருந்தும், வாரத்துல மூணு ராத்திரிக்குக் கொறையாம, மூணு மாசத்துக்கு மேல தூக்கம் வராம, பகல் பொழப்பும் கெட்டுதுன்னா அது இன்சோம்னியா. தூக்கமின்மைன்னு தமிழ்ல எழுதறாங்க. அது சோம்பேறித்தனமும் இல்லை, பைத்தியமும் இல்லை. மூளையில முழிச்சிருக்கச் சொல்ற பக்கம் ராத்திரியும் ஓயாம வேலை செய்யுது, அவ்வளவுதான்.

"கொறட்டை விடுவாங்களா?"ன்னு கேட்டாங்க. "விடுவாளுங்க, நல்லா விடுவா"ன்னார் ஊட்டுக்காரர், அதுல மட்டும் அவருக்கு உசாரு. தூங்கறப்ப தொண்டை அடைச்சு மூச்சு நின்னு நின்னு வர்ற நோய் ஒண்ணு இருக்குதாம், அதுலயும் அடிக்கடி முழிப்பு வருமாம். அது இருக்குதான்னு பார்க்க ஒரு ராத்திரி தூக்கப் பரிசோதனை செய்யணும்னாங்க. தனி ரூம். டெக்னீசியன் ஒருத்தர் பசையைத் தடவித் தலை பூராவும் ஒயர் ஒட்டினார். கண்ணோரம், தாடை, நெஞ்சு, காலு, வெரல்ல ஒரு கிளிப்பு, மூக்குல ஒரு குழாய். கண்ணாடியில பார்த்தா ரிப்பேருக்கு வந்த மோட்டாராட்டம் இருந்தேன்.

"இதைப் போட்டுட்டு எப்படிங்க தூங்கறது?"ன்னேன்.

"தூங்கற வரைக்கும் படுங்கம்மா. நான் பக்கத்து ரூம்ல ஸ்கிரீனைப் பார்த்துட்டே இருப்பேன். ஏதாச்சும்னா நான் வருவேன், நீங்க எந்திரிக்க வேண்டாம்"னார்.

லைட்டை அணைச்சுட்டுப் போனார். எனக்கு அழுகை வந்துருச்சுங்க. கல்யாணமாகி வந்ததுல இருந்து, நான் படுத்திருக்க எனக்காக இன்னொரு ஆளு முழிச்சிருக்கறேன்னு சொன்னது அதுதான் மொத தடவை. அவரு சம்பளத்துக்குத்தான் முழிச்சிருந்தார், தெரியுது. இருந்தாலும் வந்துச்சு. அப்பறம் எப்பத் தூங்கினேன்னு தெரியலை. ஒயரைக் கழட்டறதுக்குத் தோளைத் தட்டித்தான் எழுப்பினாங்க.

அதுதான் என்ற கெரகமாப் போச்சு. ரிப்போர்ட் வந்துச்சு. மூச்சு அடைக்கற நோய் இல்லை. ராத்திரி ஏழு மணி நேரத்துக்குக் கிட்ட நல்லாத் தூங்கியிருக்கறேன்னு படம் போட்டுக் காட்டுச்சு. ஊட்டுக்காரர் அந்தத் தாளை வாங்கி, மேலயும் கீழயும் பார்த்துட்டு, டாக்டரம்மா முன்னாடியே சொன்னார், "பார்த்தீங்களா டாக்டர், நல்லாத்தான் தூங்கறா. நாங்கதான் பயந்துபோட்டோம்." எனக்குக் காது ரெண்டும் சுட்டுருச்சு. மூணு வருசம் நான் பட்டதெல்லாம் வெறும் நடிப்பு, பண்ணாட்டுன்னு ஆக்கிப்போட்டார் ஒரு நிமிசத்துல. பில்லைக் கையில வெச்சுட்டுக் கேன்டீன்ல வேற, "தூங்கறதுக்குப் பில்லு போட்ட ஆஸ்பத்திரியை இன்னைக்குத்தான் பார்க்கறேன்"னு வசந்திகிட்ட சொன்னார். ஒறம்பரையில பாதிப் பேருக்கு அன்னைக்கே போன் போயிருச்சு, சாந்தாவுக்கு ஒண்ணுமில்லை, மிஷினே சொல்லிருச்சுன்னு.

ஆனா டாக்டரம்மா சிரிக்கலை. "இது நாங்க பார்க்கறதுதானுங்க. தூக்கமின்மை இருக்கறவங்க சில பேரு வெளியிடத்துல நல்லாத் தூங்குவாங்க. உங்க ஊட்டுப் படுக்கைன்னாலே மூளைக்கு முழிச்சிரு, காவல் காத்துக்கோன்னு பழகிப் போச்சு. இங்க அந்தக் காவல் வேலை இல்லை, அதனால தூங்கிட்டீங்க. நோய் இல்லைன்னு இந்த ரிப்போர்ட் சொல்லலை. நோய் எங்க இருக்குன்னு சொல்லுது"ன்னாங்க.

அப்பறம் வைத்தியத்தைச் சொன்னாங்க. மாத்திரையைச் சட்டுனு நிறுத்தக் கூடாது. நிறுத்தினா நடுக்கம், படபடப்பு, சில பேருக்கு வலிப்பே வருமாம். வாரக்கணக்குல துளித் துளியாக் கொறைக்கணும். புது மாத்திரை கெடையாது, பழக்கத்தை மாத்தறதுதான் மருந்து. இத்தனை நாள் எட்டு மணி நேரம் கட்டில்ல பொரண்டு நாலஞ்சு மணி நேரம் தூங்கினேனில்ல, இனிப் பன்னெண்டு மணிக்கு முன்னாடி படுக்கவே கூடாது, வெடியால அஞ்சரைக்கு எந்திரிச்சே ஆகணும். தூங்கினாலும் சரி, தூங்காட்டியும் சரி. பகல்ல சாயக் கூடாது. கட்டில் தூங்கறதுக்கு மட்டும். படுத்துத் தூக்கம் வரலைன்னா பொரண்டுட்டுக் கெடக்காம எந்திரிச்சு வேற எடத்துல மங்கல் வெளிச்சத்துல சும்மா உக்காரணும், கண்ணு சொக்கினாத்தான் மறுபடி போகணும். ஸ்கூட்டியைத் தொடவே கூடாது. கை கட்டை அவுத்ததும் ஆரம்பிச்சு ஒரு ஆறு வாரம் இப்படி இருந்தா மூளை மறுபடி கத்துக்கும்னாங்க. "இந்த ஆறு வாரமும் ராத்திரி வேலை இவங்களுக்கு வேண்டாம். மறுபடி இப்படித் தூங்கி விழுந்தா எலும்போட போகாது"ன்னு அவரைப் பார்த்தும் சொன்னாங்க. அவரு பவ்யமாத் தலையை ஆட்டினார். ஆனா அவரு காதுல விழுந்தது ஒண்ணே ஒண்ணுதான்னு ஊட்டுக்கு வந்த பொறவுதான் தெரிஞ்சுது.

கை கட்டை அவுத்த அடுத்த வாரமே குஞ்சு எறக்கிட்டார். என்னுங்க இதுன்னு கேட்டேன். "டாக்டரே சொல்லிட்டாங்களே சாந்தா. படுத்துட்டே கெடக்கக் கூடாதாம், எந்திரிச்சு ஏதாச்சும் பண்ணணுமாம். பன்னெண்டு மணி வரைக்கும் படுக்கவும் கூடாதாம். அப்படி முழிச்சிருக்கற நேரத்துக்கு ஷெட்டைப் பார்த்துக்கலாமே, உனக்கும் பொழுது போகும்"ங்கறார். கிண்டல் பண்ணலீங்க, நெசமாவே அப்படித்தான் நம்பினார். சூப்பர்வைசர் வந்தப்ப பெருமையா வேற சொல்றார், "எங்க ஊட்டுல அம்மணி நைட் டூட்டிங்க, டாக்டர் சீட்டே குடுத்திருக்கறாங்க." மருந்துச் சீட்டை வேலை உத்தரவாப் படிச்ச ஆளை நீங்க எங்கயாச்சும் பார்த்திருக்கறீங்களா?

நான் ஏன் ஒத்துக்கிட்டேன்னு கேப்பீங்க. குஞ்சு எறங்கியாச்சு. ஆயிரக்கணக்குல கத்துது. நான் போகலைன்னா சாகும், செத்தா கம்பெனிக்காரன் கூலியில கழிப்பான், பழி என்ற தலையில. போனேன். தூக்கம் வராம எந்திரிச்சு முத்தத்துல உக்காந்தாப் போதும், கட்டில்ல இருந்தே கொரல் வரும், "எந்திரிச்சுட்டியா? அப்படியே ஷெட்டை ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துரு." அங்க பகலாட்டம் வெளிச்சம், அனல், நாத்தம். போயிட்டு வந்தா இருந்த கொஞ்சத் தூக்கமும் பறந்து போயிருக்கும். ஆனா அஞ்சரைக்கு எந்திரிச்சாகணும், பகல்ல சாயக் கூடாது, மாத்திரையும் கொறைச்சாச்சு. அந்த நாலு வாரம் நான் பட்ட பாட்டை எதிரிக்கும் குடுக்கக் கூடாது. நின்னுட்டே கண்ணு இருட்டும். அடுப்புல கை வெச்சுச் சுட்டுக்கிட்டேன். இந்த வைத்தியமும் நமக்குப் பலிக்காது, இப்படியே ஒரு நாள் விழுந்து போய்ச் சேர வேண்டியதுதான்னு முடிவே பண்ணிட்டேன்.

அடுத்த தடவை போனப்ப டாக்டரம்மா, "கொஞ்சங்கூட முன்னேத்தம் இல்லையே. எந்திரிச்சு என்ன பண்றீங்க, புத்தகம் படிக்கறீங்களா?"ன்னாங்க.

"ஷெட்டுக்குப் போறேனுங்க."

"என்ன ஷெட்?"

சொன்னேன். புரூடர், பல்பு, ஜெனரேட்டர், எல்லாம். அவங்க பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க. வெளிய உக்காந்திருந்த அவரை உள்ள கூப்புட்டாங்க.

"ராத்திரி வேலை குடுக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லீங்களா?"

"நீங்கதானுங்க எந்திரிச்சு ஏதாச்சும் பண்ணச் சொன்னீங்க."

"சும்மா உக்காரச் சொன்னேன்! கோழி மேய்க்கச் சொன்னேனா? இவங்க இதே மாதிரி இன்னொரு தடவை விழுந்தா நீங்க ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியதே இருக்காது, புரியுதுங்களா? ஷெட்டை நீங்க பாருங்க. இல்லைன்னா ஷெட்டை மூடுங்க."

அவரு தலையைக் குனிஞ்சுட்டு, "சரிங்க"ன்னார். ஒரு பொண்ணுகிட்ட இப்படி வாங்கினதே இல்லை.  அன்னைக்கே கோகுல் ரூமை எனக்கு ஒழிச்சுக் குடுத்தாங்க. மாடி ரூம், ஷெட்டுச் சத்தம் அவ்வளவாக் கேக்காது. ராத்திரி ஷெட்டு அப்பனும் பையனும் முறை வெச்சுப் பார்க்கறதுன்னு முடிவாச்சு. பெரும்பாலும் அப்பன்தான். பையனுக்குக் காலையில ஆபீசாம்.

ஒரு வாரம். ஒரே ஒரு வாரந்தானுங்க. என்ற ஊட்டுக்காரருக்குக் கண்ணு செவந்து போச்சு, எளைச்சுப் போனார், சிடுசிடுன்னு எரிஞ்சு விழுந்தார். ஊரு தாங்கலை. கொழுந்தனார் எளநி ஒரு கொலையே வெட்டிக் கொண்டாந்து குடுக்கறார். "பாவம் அண்ணன், ராத்திரியெல்லாம் முழிக்கறாராமா"ன்னு அவரு சம்சாரம் கோழிச்சாறு வெச்சு அனுப்பறா. சூப்பர்வைசர், "அய்யா ஒடம்பைப் பார்த்துக்கோங்க, ஆள் ஒண்ணு போட்டுக்கலாமே"ங்கறான். எனக்கு யாராச்சும் ஒரு எளநி? ஒரு எளநி கொண்டாந்தாங்களா மூணு வருசத்துல? அந்தக் கொலையைத் தூக்கி வாய்க்கால்ல வீசலாம்னு வந்துச்சு. வசந்திகிட்ட போன்ல பொரிஞ்சு தள்ளினேன். "விடுக்கா, மாமாவுக்காச்சும் என்னன்னு தெரியட்டும்"னா. தெரிஞ்சுதான்னு கேட்டா, தெரியலை. "நீ எப்படித்தான் இருந்தியோ"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவார்னு எதிர்பார்த்தேன். "உனக்குப் பழகிருச்சு, எனக்குப் பழகலை"ன்னார். அதுக்கு மேல நான் எதிர்பார்க்கறதை விட்டுட்டேன்.

ஆனா தூக்கம் வந்துச்சு. இதைப் படிக்கறவங்களுக்கு அதைச் சொல்லாம விடக் கூடாது, ஏன்னா என்னை மாதிரிக் கெடக்கறவங்க நெறையப் பேரு இருப்பீங்க. ஒரே நாள்ல வரலை. பன்னெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கறதே மொதல்ல பெரும்பாடு, சோபாவுல உக்காந்து தலை தொங்கித் தொங்கிப் போகும். மூணாவது வாரம் ஒரு வெடியால, அலாரச் சத்தத்துலதான் கண்ணு முழிச்சேன். நடுவுல முழிச்ச ஞாபகமே இல்லை. சன்னல்ல வெளிச்சம். கட்டில்ல உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன், சத்தம் கீழ கேட்டுரும்னு தலகாணியை வாயில வெச்சு அமுக்கிட்டு. அப்பறம் டாக்டரம்மா படுக்கற நேரத்தைக் கால் மணி அரை மணியா முன்னாடி தள்ளினாங்க. மாத்திரை அரையாச்சு, காலாச்சு, நின்னுது. கொழம்புல உப்பு சரியா இருந்துச்சு. வசந்தி பேரு டக்குனு வாயில வந்துச்சு.

போன மாசம் மறுபடி பரிசோதனைக்குப் போனோம். டாக்டரம்மா மொதல்ல என்னைத் தனியாக் கூப்புட்டாங்க. நல்லாத் தூங்கறேனுங்க, கண்ணைத் தொறந்தா வெடிஞ்சிருக்குதுன்னு வாயெல்லாம் பல்லாச் சொன்னேன். அவங்களுக்கும் மொகம் மலர்ந்து போச்சு. "இனி என்கிட்ட வர வேண்டியதே இல்லைம்மா"ன்னாங்க. அப்பறம் அவரை உள்ள கூப்புட்டாங்க.

அவரு வந்து உக்காரக்கூட இல்லை. சட்டைப் பையில இருந்து போனை எடுத்துக் கையில வெச்சுட்டே, "டாக்டரம்மா, இவளுக்குச் சரியாயிருச்சுங்களா? வர்ற வாரம் புதுக் குஞ்சு எறங்குது. இனி ராத்திரி ஷெட்டுக்கு இவளே போலாமில்லீங்களா?"ன்னார்.

 டாக்டரம்மா வாயைத் தொறக்கறதுக்குள்ள நான் முந்திட்டேன்.

"இல்லீங்க. இன்னும் சரியாகலீங்க. நேத்துக்கூட ராத்திரி பூரா முழிச்சுட்டுத்தானுங்க இருந்தேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தாங்க. நான் குனியலை, அவங்க கண்ணையே பார்த்தேன். அப்பறம் அவரு பக்கம் திரும்பி, "இன்னும் நாளாகுமுங்க. ராத்திரி வேலை கூடவே கூடாது"ன்னாங்க.

"எத்தனை நாளாகுங்க?"

"அதைச் சொல்ல முடியாதுங்க."

அவரு போனைப் பையில போட்டுட்டு வெளிய நடந்தார். படியில எறங்கறப்ப என்ற முழங்கையைப் புடிச்சுட்டார், ஒடைஞ்ச பக்கம்னு பதனமா. "ஏன் சாந்தா, நெசமாவே இன்னும் தூக்கம் வர மாட்டேங்குதா? இத்தனை வைத்தியம் பார்த்துமா?"ன்னு கேட்டார். கொரல்ல நெசமான கவலை இருந்துச்சு.

"வர மாட்டேங்குதுங்க"ன்னேன்.

அவரு இதைப் படிக்கப் போறதில்லை, பேப்பர்ல கறிக்கோழி வெலையை மட்டுந்தான் பார்ப்பார். ஊட்டுல நான் இன்னும் சீக்காளிதான். காலையில எந்திரிச்சதும் மொகத்தைக் கசக்கிட்டு, நெத்தியில தைலம் தடவிட்டுத்தான் மாடியில இருந்து எறங்கறேன். "கொஞ்சமாச்சும் தூங்கினியா?"ன்னு அவரு கேப்பார். உதட்டைப் பிதுக்கிட்டுக் காப்பி வெக்கப் போயிருவேன்.